கடல்நாய் ஏன் பறவையைக் கிழிக்கிறது? வெள்ளகோவில் பட்டிக்காரருக்கு ஒரு பதில்

வெள்ளகோவில் பக்கம் செம்மறி வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டதை அவர் சொன்னபடியே தருகிறேன்:

"டாக்டரய்யா, தென்னாப்பிரிக்காவுல ஒரு தீவைச் சுத்தி கடல்நாய் கடல்பறவைக் குஞ்சைப் புடிச்சுக் கிழிக்கற வீடியோ பாத்தனுங்க. மீன் திங்கற சீவன்னுதான் படிச்சிருக்கறேன். அத்தாச்சோடு ஒடம்ப வெச்சுக்கிட்டு ரெண்டு மூணு கிலோ பறவையப் புடிச்சு, அதையும் பாதிகூடத் திங்காம உட்டுட்டுப் போவுது. என்னத்துக்குங்க? அதைச் சுடறாங்கன்னு வேற சொல்றாங்க. சுடறது செரிங்களா? போன மாசம் எங்க பட்டியில நாய் பூந்து பதினோரு உருப்படி போச்சு. அதையும் இதையும் நெனச்சா ஒண்ணாட்டமே இருக்குதுங்க."

ஒன்றாட்டம் இருக்கிறது என்று சொன்னீர்களே தம்பி, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. நான் காங்கேயம், தாராபுரம் பக்கம் முப்பது வருடம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டவன். கடல் உயிரியல் படித்தவனல்ல. ஆனாலும் இந்தத் தீவு விவகாரத்தை ரொம்ப நாளாக விடாமல் வாசித்து வருகிறேன். அங்கே பறவைக்குப் பரிந்தவர்களும் கடல்நாய்க்குப் பரிந்தவர்களும் போட்டுக்கொண்ட சண்டை, இங்கே என் மேசைக்கு முன்னால் ஆட்டுக்காரரும் நாய் வளர்ப்பவரும் போட்ட சண்டை மாதிரியே இருந்தது. அதுதான் காரணம்.

முதலில் பேரைப் பார்ப்போம். சீலுக்குக் கடல்நாய் என்று தமிழில் பேர் வைத்தவர் தப்பாக வைக்கவில்லை. ஊனுண்ணிகளில் பூனைப் பக்கம் ஒரு கிளை, நாய்ப் பக்கம் ஒரு கிளை. சீல் நாய்ப் பக்கம் சேர்ந்தது. கரடியும் நீர்நாயும் அதே கிளைதான். மோயாற்றில் கூட்டமாக மீன் பிடிக்கும் நீர்நாயின் மீசை மூஞ்சியைப் பார்த்தவர்களுக்கு இந்த உறவு சட்டென்று புரியும். வீடியோவில் நீங்கள் பார்த்தது கேப் ஃபர் சீல். சின்னதாகக் காதுமடல் வெளியே தெரியும், துடுப்புக்கால் நான்கையும் ஊன்றிப் பாறைமேல் ஏறி ஓடும். வளர்ந்த கிடா 250, 300 கிலோ வரும். பெட்டைக்கு அதில் கால் பங்குதான். தென்னாப்பிரிக்கா, நமீபியா, அங்கோலா கரைகளில் எல்லாமாகச் சேர்த்து 15 முதல் 20 லட்சம் சீல்கள் இருக்கின்றன.

அவற்றின் முக்கியச் சாப்பாடு நீங்கள் படித்ததுதான்: மத்தி, நெத்திலி, ஹேக் என்கிற ஆழ்கடல் மீன், கணவாய். மொத்தச் சீல் கூட்டத்தின் தீனிக் கணக்கைப் போட்டால் பறவைக்கு அதில் இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் பறவையின் பக்கம் நின்று அதே கணக்கைப் போட்டால் வயிறு கலங்கும்.

இது பெரிதாகப் பேசப்பட்ட இடம் மால்காஸ் தீவு. கேப்டவுனுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, சல்டானா விரிகுடாவின் வாயில் கிடக்கிறது. மொத்தமே இருபது ஏக்கர் சொச்சம், நம்ம பக்கம் ஒரு குடும்பத்துக் கொறங்காடு அளவு. அங்கே ஆயிரக்கணக்கில் முட்டை வைப்பது கேப் கேனட் பறவை. வெள்ளை உடம்பு, மஞ்சள் பூசின மாதிரித் தலை, கறுப்பு இறக்கை நுனி. உயரத்திலிருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு ஈட்டி மாதிரி கடலுக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும். உலகத்திலேயே ஆறு தீவுகளில்தான் இது இனம் பெருக்குகிறது, நமீபியாவில் மூன்று, தென்னாப்பிரிக்காவில் மூன்று. மால்காஸ் என்ற சொல்லே ஆஃப்ரிகான்ஸ் மொழியில் இந்தப் பறவையின் பேர்தான்.

இந்தப் பறவை வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை வைக்கும். அடைகாக்க வயிற்றில் இறகில்லாத இடம் கிடையாது, சவ்வுக்காலை முட்டைமேல் போர்த்தி அதன் சூட்டில் பொரிக்கும். குஞ்சை மூன்று மாதத்துக்கு மேல் ஊட்டி ஊட்டிக் கொழுக்க வைக்கும். சில குஞ்சுகள் தாயைவிட எடை கூடிவிடும். பிறகு அந்தக் குஞ்சு தீவின் ஓரத்துக்கு நடந்து வந்து காற்றைப் பார்த்துக் கடலில் குதிக்கும். அந்தக் கனத்தோடு தண்ணீரிலிருந்து மறுபடி எழும்ப முடியாது. கொழுப்பு கரைந்து உடம்பு லேசாகிறவரை சில நாள் மிதந்துகொண்டே கிடக்க வேண்டியதுதான். தாய் கூட வராது.

அந்த இடத்தில்தான் சீல் காத்திருக்கிறது.

2000-01 பருவத்தில் மால்காஸைச் சுற்றி இப்படிக் குதித்த குஞ்சுகளில் சுமார் 6,000 சீல் வாயில் போயின, அந்த வருடம் தீவில் வளர்ந்து வெளிவந்த குஞ்சுகளில் 29 சதவீதம். 2003-04ல் சுமார் 11,000. சதவீதத்தில் 83. 2005-06ல் 7,000, 57 சதவீதம். 2001-02க்கும் 2005-06க்கும் இடையில் அந்தத் தீவின் கூட்டமே கால்வாசி சுருங்கிவிட்டது. ஒன்று சொல்லிவிட வேண்டும், இவை பிணத்தை எண்ணிப் போட்ட கணக்கல்ல. பகலில் குறித்த நேரம் கரையில் உட்கார்ந்து, கண்ணுக்கு எட்டிய தண்ணீரில் நடந்த தாக்குதலை எண்ணி, மொத்தப் பருவத்துக்கும் பெருக்கியது. அதனால் ஆயிரம் கூடலாம், ஆயிரம் குறையலாம். ஆனால் பத்துக் குஞ்சில் எட்டு போகிற வருடத்தில் அந்த ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பலனில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன், பாதிகூடத் தின்னாமல் ஏன் விடுகிறது? சீல் கீழேயிருந்து வந்து பறவையைக் கவ்வும். அதன் பல் மீனைப் பிடித்து விழுங்குவதற்கு ஆனது, இறைச்சியை அறுத்துத் தின்ன ஆனதல்ல. அதனால் பறவையைத் தண்ணீர்மேல் இப்படியும் அப்படியும் ஓங்கி உதறும். நம் வீட்டுப் பொம்பளைகள் துவைகல்லில் துணி அடிக்கிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் இறகோடு கழன்று வரும். பிறகு குடல், ஈரல், நெஞ்சுச் சதை என்று கொழுப்பும் சத்தும் இருக்கிற இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இறக்கையும் காலும் எலும்பும் இறகுமான மீதியோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில் பத்து அடி தள்ளி அடுத்த குஞ்சு மிதக்கிறது. எந்த வியாபாரியும் போடுகிற கணக்குதான் அது. இதை வெறும் விளையாட்டு என்று முன்னால் சிலர் நினைத்தார்கள். விளையாட்டும் கொஞ்சம் கலந்திருக்கலாம், செய்கிறவை பெரும்பாலும் இளவட்டக் கிடாக்கள் என்பதால். ஆனால் தின்பதற்காகவே பிடிக்கிறது என்பதில் இப்போது சந்தேகமில்லை.

உங்கள் பட்டியில் நடந்ததையும் இதோடு வைத்துப் பாருங்கள். ஊதியூர் மலைப் பக்கம் சிறுத்தை வந்தபோது அது ஒரு ஆட்டைப் பிடித்தது, தூக்கிக்கொண்டு போனது. நாய் புகுந்த பட்டியில் அப்படி இருக்காது. கழுத்தில் கடி, தொடையில் கடி, அடிவயிறு கிழிந்திருக்கும், பத்து உருப்படி செத்துக் கிடக்கும், தின்றது ஒரு குட்டியின் வயிற்றுப் பகுதியாக இருக்கும். எத்தனை பட்டிகளில் விடியற்காலையில் போய் இதைப் பார்த்திருக்கிறேன். இரை ஓட முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டால், துரத்துகிற விலங்குக்குள் இருக்கும் "போதும்" என்கிற கட்டளை வேலை செய்வதில்லை. படலுக்குள் ஆடு அங்குமிங்கும் ஓடுவதே நாயை மேலும் கடிக்க வைக்கும். தண்ணீரில் எழும்ப முடியாமல் இறக்கையை அடித்துக்கொள்ளும் குஞ்சும் சீலுக்கு அப்படித்தான்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு, அதுதான் விஷயத்தின் சாரம். ஊரிலுள்ள எல்லா நாயும் ஆடு கடிப்பதில்லை. நாலைந்து நாய் சேர்ந்து ஒரு தடவை ருசி பார்த்துவிட்டால் பிறகு வாரம் ஒரு பட்டி. ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும் என்பது வெறும் பழமொழி இல்லை, விலங்கு நடத்தைப் பாடம். மால்காஸிலும் லட்சக்கணக்கான சீலில் ஒரு சிலதான் பறவை பிடிக்கிறவை. ஒன்றைப் பார்த்து இன்னொன்று கற்றுக்கொள்கிறது.

அப்படியென்றால் அந்தச் சிலதைச் சுட்டால் தீர்ந்ததா? சுட்டார்கள். 1993 தொடங்கி அரசாங்க அனுமதியோடு, பறவையைக் கொல்வதைக் கண்ணால் கண்ட சீலை மட்டும் குறிவைத்தார்கள். குஞ்சுச் சாவு நன்றாகவே குறைந்தது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அடுத்த பருவத்தில் புது இளவட்டம் கற்றுக்கொண்டு வந்து நின்றது. விட்டு விட்டுச் சுடுவதில் பயனில்லை, வருடாவருடம் காவல் இருக்க வேண்டும் என்று அதை ஆய்வு செய்தவர்களே எழுதினார்கள்.

2005ல் நடந்தது இன்னும் மோசம். மால்காஸுக்கு வடக்கே லம்பர்ட்ஸ் பே என்ற ஊர். அதன் துறைமுகத்தை ஒட்டிப் பறவைத் தீவு என்றே பேருள்ள ஒரு சின்னத் தீவு, கரையோடு கல்லணை போட்டு இணைத்தது. அங்கே சீல்கள் தண்ணீரில் காத்திருக்கவில்லை. கரையேறி வந்து கூட்டில் உட்கார்ந்திருந்த தாய்ப் பறவைகளைப் பிடித்தன. பீதியில் ஆயிரக்கணக்கான கேனட்கள் அந்தப் பருவத்தில் முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டுத் தீவையே காலி செய்தன. அதற்கு முன் அங்கே அப்படி நடந்ததே இல்லை. குஞ்சு போனால் ஒரு வருட விளைச்சல் போச்சு. இருபது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய தாய் போனால் மரமே சாய்ந்த மாதிரி.

திருப்பி வரவழைக்க அவர்கள் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. கேனட் மாதிரியே பொம்மைகள் செய்து, வர்ணம் அடித்து, காலியான தீவில் நட்டு வைத்தார்கள். நாம் சோளக்காட்டில் பொம்மை வைப்பது பறவையை விரட்ட. அவர்கள் வைத்தது அழைக்க. கூட்டம் இருக்கிற இடத்தில்தான் இறங்கும் பழக்கமுள்ள பறவை மேலே வட்டமிட்டு, கீழே உறவுக்காரர் உட்கார்ந்திருப்பதாக நம்பி இறங்கியது. பக்கத்திலேயே சீலுக்குக் காவலும் போட்டார்கள். கூட்டம் திரும்பியது.

சரி, சீல் எப்போதும் இருந்ததுதானே, பறவையும் எப்போதும் இருந்ததுதானே, இப்போது மட்டும் ஏன் இந்தப் பாடு? இங்கேதான் வீடியோ சொல்லாத பழைய கணக்கு வருகிறது.

மண்டேலாவைச் சிறை வைத்த ராபன் தீவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராபன் என்றால் டச்சு மொழியில் சீல்கள். சீல் தீவு என்று பேர் வைத்தவர்கள், தோலுக்கும் எண்ணெய்க்குமாக அந்தச் சீல்களை ஒன்றில்லாமல் அடித்துத் தீர்த்தார்கள். பேர் மட்டும் மிச்சம். இப்படியே தீவு தீவாகத் துரத்தப்பட்ட சீல் பிரதான நிலக்கரையில் போய்க் குட்டி போட்டது. 1973ல் கடல்பறவைக்கும் சீலுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1990ல் தென்னாப்பிரிக்கா சீல் வேட்டையை நிறுத்தியது. நமீபியாவில் இன்னும் நடக்கிறது. எண்ணிக்கை மீண்டது. பழைய வீட்டுக்காரன் பிழைத்துத் திரும்பி வருகிறான், வந்து பார்த்தால் அவன் விட்டுப்போன உலகம் அங்கே இல்லை.

பறவை பக்கம் இன்னொரு கொள்ளை. நாம் காட்டில் பட்டி போட்டு ஆட்டுப் புழுக்கையை உரமாக்குகிறோம் அல்லவா, அதேபோல் பல நூறு வருடமாகத் தீவுகளில் மலைமாதிரி சேர்ந்திருந்த பறவை எச்சம் ஐரோப்பிய வயல்களுக்குத் தங்கமாகத் தெரிந்தது. நமீபியாவின் இச்சாபோ தீவில் 1843 முதல் 1845க்குள் நூற்றுக்கணக்கான கப்பல்கள் வந்து பாறை தெரியச் சுரண்டிக்கொண்டு போயின. கேனட் அந்த எச்சத்தைக் குவித்துத்தான் மேடாகக் கூடு கட்டும். பென்குயின் அதில் வளை தோண்டித்தான் வெயிலுக்கு ஒளியும்.

எல்லாவற்றுக்கும் மேலே மீன். நமீபியாவில் மத்தியை வாரி வாரி எடுத்து 1970களில் அந்தத் தொழிலே படுத்தது. அங்கே கேனட் கூட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காணாமல் போனது. தென்னாப்பிரிக்காவில் 2000ஐ ஒட்டிய வருடங்களில் மத்தியும் நெத்திலியும் மேற்குக் கரையை விட்டுக் கிழக்கே நகர்ந்தன. தாய்ப் பறவை பறக்கிற தூரத்துக்குள் மீன் இல்லை. மீன்பிடிக் கப்பல் வீசுகிற ஹேக் தலையையும் கழிவையும் கொண்டுவந்து ஊட்டின. அதில் கொழுப்பு கிடையாது. குஞ்சுக்கு வயிறு நிறையும், உடம்பு ஏறாது. கிழக்கே அல்கோவா விரிகுடாவில் மீன் இருந்ததால் அங்கே கேனட் பெருகியது, இன்றைக்கு மொத்தக் கேனட்டில் பாதிக்கு மேல் அங்கேதான்.

மீன் பஞ்சம்தான் சீலைப் பறவை தின்ன வைத்தது என்று சிலர் ஒரே வரியில் முடிப்பார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. பஞ்சம் என்றால் பெட்டைகளும் பெருங்கிடாக்களும் அல்லவா சேர்ந்து வந்திருக்க வேண்டும்? வந்தது சில இளவட்டங்கள். மீன் குறைந்ததால் பறவைக்கு இழப்பைத் தாங்கும் தெம்பு போய்விட்டது என்பதே என் கணக்கு. லட்சம் பறவை நிறைமீன் தின்று வாழும்போது சில ஆயிரம் குஞ்சு போனால் தெரியாது. நூறு உருப்படி வைத்திருப்பவருக்குப் பதினொன்று போனால் கஷ்டம், பதினைந்து வைத்திருப்பவருக்குப் போனால் பட்டியே போச்சு. கடித்த நாய் ஒன்றுதான்.

இதே தீவுகளில் இன்னொரு கூத்து நடந்தது, பல்லடம், பொங்கலூர் பக்கத்துக்காரர்கள் காது கொடுக்க வேண்டும். நம் வெள்ளோடு ஏரியில் சாதுவாக மிதக்கிறதே கூழைக்கடா, அதன் பெரிய ஒன்றுவிட்ட தம்பி வெள்ளைக் கூழைக்கடா. கேப் பகுதியில் அது பண்ணைகளில் கொட்டின கழிவைத் தின்று எண்ணிக்கை பெருகியது. அப்படிப் பெருகின கூட்டம் கேனட், நீர்க்காகக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்தே எடுத்துப் பைமாதிரி இருக்கிற அலகில் போட்டு உயிரோடு விழுங்க ஆரம்பித்தது. கோழிக்கடைக் கழிவை ராத்திரியில் வாய்க்கால் ஓரம் கொட்டிவிட்டு, நாய் பெருத்துப் பட்டிக்குள் வருகிறதே என்று நாம் மறியல் பண்ணுவதை நினைத்துக்கொண்டேன். வேறொன்றும் சொல்லவில்லை.

பென்குயின் பாடும் இதுதான். டயர் தீவில் பென்குயின், எதிரே கூப்பிடு தூரத்தில் கெய்சர் பாறையில் பல்லாயிரம் சீல். ஆப்பிரிக்கப் பென்குயின் 10,000 ஜோடிக்கும் கீழே இறங்கி, 2024ல் மிக ஆபத்து நிலைப் பட்டியலில் சேர்ந்தது. அண்டார்டிகாவில் சிறுத்தைச் சீல் பென்குயினைத் தின்கிறது என்பது ஊரறிந்தது. மரியான் தீவில் வேறு வகை ஃபர் சீல் ராஜ பென்குயினைக் கரைக்கே துரத்தி வந்து பிடித்திருக்கிறது.

சுடுவது சரியா? என் அபிப்பிராயம் கேட்டதால் சொல்கிறேன். ஆறே தீவில் பிழைத்திருக்கும் பறவைக்கு முன்னால், பிடிக்கிறதைக் கண்ணால் பார்த்த அந்த ஒரு சீலைச் சுடுவதில் எனக்கு மனத்தடை இல்லை. பதினைந்து லட்சத்தில் அது ஒரு குறையே இல்லை. சீல்களை மொத்தமாகக் குறைக்க வேண்டும் என்று மீன்பிடித் தொழில் பக்கத்திலிருந்து அப்பப்போ ஒரு குரல் வரும். அது பறவைப் பாசமல்ல, மீன் பங்காளியைக் குறைக்கும் யோசனை. சுடுவது ரத்தம் நிற்கக் கட்டுப் போடுகிற மாதிரி. காய்ச்சலுக்கு மருந்து மீன் பக்கம்தான் இருக்கிறது. அந்தப் பக்கமும் ஒரு அடி எடுத்து வைத்திருக்கிறார்கள்: 2025 மார்ச்சில் நீதிமன்ற ஆணையாகவே, ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றி மத்திக்கும் நெத்திலிக்கும் வலை போடுவதற்குப் பத்து வருடத் தடை வந்திருக்கிறது. கேனட்டுக்கும் அதே மீன்தான்.

இதை அப்படியே நம்ம நாய்க்குப் பொருத்திவிடாதீர்கள். சீல் காட்டு விலங்கு, நாய் நாம் வளர்த்துத் தெருவில் விட்டது. இங்கே சுடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. 2023 விதிகள் கருத்தடையும் தடுப்பூசியும்தான் சொல்கின்றன. விஷம் வைப்பது குற்றம், அதைத் தின்று முதலில் சாவது உங்கள் காவல் நாயாகத்தான் இருக்கும். படலை உயர்த்துங்கள், அடியில் தோண்ட முடியாமல் கல் பதியுங்கள், ராத்திரி விளக்குப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று, உண்மையில் இதற்காகத்தான் இந்தப் பதிலை இன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். 2024 நடுவில் கேப் பகுதியில் மனிதரைக் கடித்த சில சீல்களின் மூளையைச் சோதித்துப் பார்த்ததில் வெறிநோய் உறுதியானது. கரையோரக் கருமுதுகு நரியிடமிருந்து வந்திருக்கிறது. கடல் விலங்குக்கே வெறிநோய் வருகிறபோது, உங்கள் பட்டிக்குள் வந்தது எந்த நாய், ஊசி போட்டதா என்று தெரியாமல் இருக்கக் கூடாது. நாலு ஆடு கடிபட்டுப் பிழைத்திருக்கிறது என்று கேள்விக்குக் கீழே தனியாக ஒரு வரியும் எழுதியிருந்தீர்கள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிவிட்டு இருந்துவிடாதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவியிருக்க வேண்டும். கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி முதல் நாளில் ஆரம்பித்து 3, 7, 14, 28ம் நாள்களில் போட வேண்டும். ஒரு மாதம் தாண்டிவிட்டது என்று விட்டுவிடாமல் நாளைக்கே ஓட்டிக்கொண்டு போங்கள். அதுவரை அந்த நாலையும் தனியாகக் கட்டுங்கள், கறிக்குக் கொடுத்துவிட வேண்டாம். செத்த ஆட்டைத் தூக்கியபோது உங்கள் கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்திருந்தால் நீங்களும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பட்டிக்குக் காவல் கிடக்கிற உங்கள் சொந்த நாய்க்கு ஊசி போட்ட தேதி அட்டையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.